ஹாரி பாட்டர் மூணாவது புக்கை மறுபடி படிக்கிறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ப்ரிஸனர் ஆஃப் அஸ்கபான்’ ஏற்கெனவே படிச்சாச்சு, இப்போ நிதானமா, ஒவ்வொரு கேரக்டரையா பிரிச்சுப் பேசிக்கிட்டே திரும்பப் படிக்கணும்னு இருக்கிறவங்களுக்காக இது. கதையோட முடிவு வரைக்கும் எல்லாமே வரும், கடைசியில அஞ்சாவது புக்குல இருந்தும் ஒரு விஷயம் வரும், அதனால இன்னும் படிக்காதவங்க முதல்ல போய் படிச்சுட்டு வாங்க.

ஏழு புக்கு இருக்கும்போது ஏன் இந்த மூணாவது?

ஏன்னா வோல்டமோர்ட் இதுல நேர்ல தலைகாட்டவே மாட்டான். அஸ்கபான் சிறையைக் காக்குற, சந்தோஷத்தை உறிஞ்சுற டிமென்டர் கிட்ட வரும்போது ஹாரி காதுல கேக்குற பழைய குரலோட சரி. மெயின் வில்லனே இல்லாம 22 அத்தியாயம் ஓடுது, அப்போ இவ்ளோ கெடுதலும் எங்கிருந்துதான் வருதுன்னு தேடிப் பாத்தா கூடப் படிச்ச நண்பர்கள், பாடம் எடுக்குற வாத்தியார்கள், வீட்ல வளர்ற ஒரு எலி, அவ்ளோதான். 1999-ல வந்தப்போ நிறைய பேரு இதை ‘அஸ்கபான்ல இருந்து தப்பிச்ச சிரியஸ் ப்ளாக் யாரு’ங்கிற மர்மக் கதையா படிச்சோம். இப்போ பெரியவங்களான பிறகு படிச்சா அந்த மர்மம் ஓரமா போயிடும், பேசவேண்டிய இடத்துல பேசாம இருந்தவங்க யாருன்னுதான் கண்ணுல படும்.

முடிவு தெரிஞ்ச கதையில அப்புறம் என்ன சுவாரசியம்?

நாலாவது அத்தியாயத்தை எடுங்க. எகிப்து டூருக்கு அப்புறம் எலி ஸ்கேபர்ஸ் மெலிஞ்சுக்கிட்டே போகுதுன்னு ரான் அதை ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போறான். கடைக்காரம்மா எலியோட வயசு என்னன்னு கேக்குறாங்க, ஏதாவது சக்தி இருக்கான்னு கேக்குறாங்க, முன்கால்ல ஒரு விரல் இல்லாததைக் கவனிக்கிறாங்க, சாதாரண எலி மூணு வருஷம் போலதான் உயிரோட இருக்கும்னு வேற சொல்றாங்க. ஸ்கேபர்ஸ் ரான் அண்ணன் பெர்சி காலத்துல இருந்து அந்த வீட்ல இருக்கு. உண்மையில அந்த எலிதான் பீட்டர், ஹாரியோட அம்மா அப்பாவைக் காட்டிக் கொடுத்துட்டு, செத்துட்டதா எல்லாரையும் நம்ப வச்சு, பழியை சிரியஸ் மேல போட்டவன். மொத்தக் கேஸும் அந்தக் கடையிலயே முடிஞ்சிருக்கணும். ஆனா கரெக்டா அந்த நேரத்துல ஒரு பெரிய ஆரஞ்சு கலர் பூனை பாஞ்சு வந்து ரான் தலையில குதிக்குது, நாமளும் சிரிச்சுக்கிட்டே அடுத்த பக்கத்துக்குப் போயிடுறோம். க்ளூவை ரௌலிங் ஒளிச்சே வைக்கல, பக்கத்துலயே ஒரு காமெடியை வச்சுட்டாங்க, அவ்ளோதான்.

நம்ப முடியாத ஆளு பக்கத்துல இருந்தா சத்தம் போடுற ஸ்னீக்கோஸ்கோப்பும் அதே டெக்னிக்தான். ட்ரெயின்ல விசில் அடிக்குது, மட்டமான சாமான்னு சொல்லி பழைய சாக்ஸுக்குள்ள திணிக்கிறாங்க, கிறிஸ்மஸ் காலையில மறுபடி அடிக்குது. ரெண்டு தடவையும் எலி அங்கதான் இருக்கு.

அந்தக் கருப்பு நாய் விஷயமும் பாருங்க. மாமா வீட்டை விட்டு வெளியே வந்த ராத்திரி ஹாரி அதைப் பாக்குறான், அப்புறம் வருஷம் பூரா சாவோட அறிகுறின்னு பயப்படுறான். கடைசி லெட்டர்ல சிரியஸ் எழுதுறாரு, வடக்கே கிளம்புறதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்னு. இது தெரிஞ்சுக்கிட்டு மூணாவது அத்தியாயத்தைத் திரும்பப் படிச்சா அந்தத் தெருவே வேற மாதிரி இருக்கும்.

இப்படி நுணுக்கமா படிக்க ஏதாவது முறை இருக்கா?

பெருசா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு கேரக்டரை எடுத்துக்கிட்டு, அவர் வர்ற ஒவ்வொரு சீன்லயும் ‘இப்போ இவருக்கு என்னென்ன தெரியும், தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றாரு’ன்னு கேட்டுக்கிட்டே போங்க. கதை முழுக்க ஹாரி கண்ணு வழியாத்தான் வருது, மத்தவங்க மனசுல என்ன ஓடுதுங்கிறது நமக்கு நேரடியா கிடைக்காது, ஹாரி அவங்களைப் பத்தி என்ன நினைக்கிறானோ அதைத்தான் நாமளும் நம்பிடுறோம். எதிர்ல நிக்கிறவங்க எதுக்கு ரொம்ப பயப்படுறாங்களோ அந்த உருவம் எடுக்குற போகார்ட் பத்தின பாடத்துல, வாத்தியார் லூப்பின் தன்னை நிறுத்தினதும் ‘என்னால முடியாதுன்னு நினைச்சுட்டாரு’ன்னு ஹாரி மனசு சுருங்கிப் போறான், நாமளும் கூடவே சுருங்குறோம். உண்மையில வகுப்பு நடுவுல வோல்டமோர்ட் வந்து நின்னுடுவானோன்னு அவர் பயந்திருக்காரு. அதே பாடத்துல லூப்பினுக்கு முன்னாடி ஒரு வெள்ளி உருண்டை வந்து மிதக்குது, இவருக்கு என்ன கிரிஸ்டல் பாலைப் பாத்து பயமான்னு லாவண்டர் கேக்குறா. அது பௌர்ணமி நிலா, லூப்பின் அன்னிக்கு ஓநாயா மாறுற ஆளு. மொத்த கிளாஸும் பாத்துச்சு, யாருக்கும் உறைக்கல.

இந்த முறைக்கு லூப்பினை விட நல்ல ஆளு இந்த புக்குல கிடையாது.

லூப்பின் நல்லவர்தானே? அவர்கிட்ட குறை கண்டுபிடிக்க என்ன இருக்கு?

நல்லவர்தான். அதனாலதான் பேசணும்.

சிரியஸ் நாயா மாறுவாருன்னு லூப்பினுக்கு முதல் நாள்ல இருந்தே தெரியும். கோட்டைக்குள்ள வர்ற ரகசியப் பாதைகளும் தெரியும், ஏன்னா கோட்டையில யார் எங்க இருக்காங்கன்னு பேரோட காட்டுற, பிறகு ஹாரி கைக்கு வர்ற அந்த மாய மேப்பை வரைஞ்ச நாலு பேர்ல அவரும் ஒருத்தர். இப்போ வரிசையா பாருங்க. ஹாலோவீன் ராத்திரி சிரியஸ் உள்ள வந்து, பாஸ்வேர்ட் சொன்னா மட்டும் ஹாரியோட விடுதிக்குள்ள விடுற ஃபேட் லேடி ஓவியத்தைக் கிழிக்கிறாரு, லூப்பின் வாயே திறக்கல. அப்புறம் ரான் படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்துல கத்தியோட வந்து நிக்கிறாரு, அப்பவும் இல்ல. சிரியஸ் ஒரு கொலைகாரன், ஹாரியைத் தேடி வர்றான்னுதான் அந்த வருஷம் பூரா லூப்பின் நம்பிக்கிட்டு இருக்காரு, இதை மனசுல வச்சுக்கோங்க. அவர் நம்பினபடி பாத்தா, ஒரு நாயைத் தேடுங்கன்னு ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

ஏன் சொல்லலைங்கிறதுக்கு 18-ஆவது அத்தியாயத்துல அவரே பதில் சொல்றாரு, கோழைத்தனம்னு. ஓநாய் மனுஷனா இருந்தும் தன்னை ஸ்கூல்ல சேத்துக்கிட்டவரு டம்பிள்டோர், யாரும் வேலை கொடுக்காதப்போ வேலை கொடுத்தவரு. சின்ன வயசுல அவருக்குத் தெரியாம பௌர்ணமி ராத்திரியில நண்பர்களோட சுத்தினேன், என்னாலதான் மூணு பேரு சட்டத்துக்குப் புறம்பா அனிமேகஸ், அதாவது மிருகமா மாறத் தெரிஞ்சவங்க, ஆனாங்கன்னு அவர் முகத்தைப் பாத்து ஒத்துக்கணும். அதுக்கு மனசு வரல. வோல்டமோர்ட்கிட்ட கத்துக்கிட்ட ஏதோ மாயத்தால சிரியஸ் உள்ள வர்றான், நாய் விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

நான் எல்லாரையும் படிக்கச் சொல்ற இடம் 14-ஆவது அத்தியாயம். அதோட ஆரம்பத்துல ஹாரி கூடப் படிக்கிற நெவில் இருக்கான். பாஸ்வேர்டை எழுதி வச்ச பேப்பரைத் தொலைச்சதாலதான் சிரியஸ் உள்ள வந்தான்னு அவனுக்கு டிடென்ஷன், பக்கத்து ஊர் ஹாக்ஸ்மீட் போகத் தடை, யாரும் அவனுக்கு பாஸ்வேர்ட் சொல்லக்கூடாதுன்னு விடுதிப் பொறுப்பு டீச்சர் மெக்கோனகல் உத்தரவு. தினமும் ராத்திரி வெளியே காவலுக்கு நிக்கிற ட்ரோல்கள் பக்கத்துல நின்னு யாராவது உள்ள விடுவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கான், போதாததுக்கு பாட்டிகிட்ட இருந்து எல்லாரும் கேக்குற மாதிரி கத்தித் திட்டுற லெட்டர், ஒரு ஹௌலர் வேற. அதே அத்தியாயத்தோட பின்பகுதியில ஹாரி மேப்போட இன்னொரு வாத்தியார் ஸ்னேப்கிட்ட மாட்டுறான், லூப்பின் வந்து ஏதோ கதை சொல்லி காப்பாத்தி வெளியே கூட்டிட்டு வந்து திட்டுறாரு. என்னன்னு? கோட்டையைப் பத்தின தகவலை ஒரு பையன் அஜாக்கிரதையா போட்டு வச்சதால போன தடவை என்ன ஆச்சுன்னு தெரிஞ்சும் இந்த மேப்பை நீ ஒப்படைக்கலையேன்னு! உன் அம்மா அப்பா உயிரைக் கொடுத்து உன்னைக் காப்பாத்தினதுக்கு நீ காட்டுற நன்றி இதுதானான்னும் கேக்குறாரு. ஹாரி கூனிக் குறுகிப் போறான். முதல் தடவை படிக்கிற நாமளும் ‘ஆமா, கரெக்டாத்தானே சொல்றாரு’ன்னு தலையாட்டுறோம். மேப்பை அவர் பாக்கெட்ல போட்டுக்கிறாரு. அதை அவரும் யார்கிட்டயும் ஒப்படைக்கல.

இதே லூப்பின்தான் ஏழாவது அத்தியாயத்துல, ஸ்னேப் எல்லார் முன்னாடியும் நெவிலை மட்டம் தட்டினதும், முதல் ஆளா நெவில்தான் எனக்கு உதவி பண்ணப் போறான்னு சொல்லி அவனை நிமிர வச்சவரு. அன்னிக்கு அது நடிப்பு இல்ல. இன்னிக்கு நெவில் தலையில முழுப் பழியும் விழும்போது சும்மா இருக்கிறதும் அதே ஆளுதான்.

ஆனா அவர் சொல்லியிருந்தா சிரியஸ் மாட்டியிருப்பாரே, நிரபராதிக்கு ஆன்மாவையே உறிஞ்சிடுற டிமென்டர் முத்தம் கிடைச்சிருக்குமே?

இந்தக் கேள்வி எப்பவும் வரும், நல்ல கேள்விதான். சொல்லாததால நல்லது நடந்துச்சு, உண்மை. ஆனா அது அதிர்ஷ்டம். சிரியஸ் நிரபராதின்னு தெரிஞ்சுக்கிட்டு லூப்பின் வாயை மூடிக்கிட்டு இருந்தாருன்னா அது வேற கதை. ஜூன் மாசம் மேப்புல பீட்டர் பேரைப் பாக்குற வரைக்கும் அவருக்கு அந்த சந்தேகமே கிடையாது. ஒருத்தரை எடை போடும்போது அந்த நேரத்துல அவருக்கு என்ன தெரியும்கிறதை வச்சுத்தான் போடணும், பின்னாடி என்ன ஆச்சுங்கிறதை வச்சுப் போட்டா ஹெர்மயனிக்கும் அநியாயம் பண்ணிடுவோம்.

ஹெர்மயனிக்கு என்ன அநியாயம்?

ஃபயர்போல்ட். யார் அனுப்பினாங்கன்னே தெரியாம அவ்ளோ விலை உயர்ந்த துடைப்பம் ஹாரிக்கு வருது, இது சிரியஸ் அனுப்பினதா இருக்கலாம்னு ஹெர்மயனி போய் மெக்கோனகல்கிட்ட சொல்லிடுறா. துடைப்பத்துல எந்த சூனியமும் இல்லைன்னு பிறகு திரும்பி வருது, அதனால ‘அவ ஓவரா பண்ணிட்டா’ன்னு நிறைய பேரு இன்னமும் சொல்றாங்க. ஆனா அனுப்பினது சிரியஸ்தான்! கொலைகாரன்னு எல்லாரும் நம்புற ஒருத்தன் ஒரு பையனைத் தேடுறான், அந்தப் பையனுக்குப் பேர் போடாம ஒரு பார்சல் வருது, இதுக்கு மேல ஒரு புத்திசாலி என்னதான் பண்ணணும்? ரெண்டு நண்பர்களும் பேச மாட்டாங்கன்னு தெரிஞ்சும் போய் சொன்னா. லூப்பினால முடியாததை ஒரு மூணாம் வருஷப் பொண்ணு பண்ணா. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம இந்த புக்கைப் பத்திப் பேசவே முடியாதுங்கிறது என்னோட அபிப்பிராயம்.

அவளும் ரகசியம் வச்சிருக்கா, அதையும் பாருங்க. நேரத்துல பின்னாடி போக வைக்கிற டைம் டர்னர் பத்தி மெக்கோனகலுக்குக் கொடுத்த வாக்குக்காக வருஷம் பூரா நண்பர்கள்கிட்ட மறைக்கிறா. லூப்பின் ஓநாய் மனுஷன்னு ஸ்னேப் கொடுத்த கட்டுரையை எழுதும்போதே கண்டுபிடிச்சுட்டா, அதையும் சொல்லல. தன் மானத்துக்காக அவ மறைச்சது ஒண்ணுகூட இல்ல.

ரானும் ஹாரியும் அவளை ஒதுக்கி வச்சதுக்கு ஹாக்ரிட் கேக்குறாரு பாருங்க ஒரு கேள்வி, துடைப்பத்தையும் எலியையும் விட தோழியைப் பெருசா நினைப்பீங்கன்னு இருந்தேன்னு. அதுவும் 14-ஆவது அத்தியாயம்தான்.

அப்போ ஸ்னேப் சொன்னதுதான் சரியா?

பாதி. லூப்பின் எதையோ மறைக்கிறாருன்னு சொன்னது சரி, சிரியஸுக்கு உதவுறாருன்னு சொன்னது தப்பு. ஸ்னேப் சொன்னது ஒரு விதத்துல நிஜம்தான்னு லூப்பினே ஒத்துக்கிறாரு. பிரச்சினை என்னன்னா ஸ்னேப்புக்கு உண்மை தேவைப்படல, பழைய கணக்கைத் தீக்கணும். பதினாறு வயசுல சிரியஸ் பண்ண விளையாட்டுல உயிரே போயிருக்கும், ஹாரியோட அப்பா ஜேம்ஸ் வந்து இழுத்ததால பிழைச்சாரு. அந்தக் கோபம் நியாயமான கோபம்தான், யாருக்கா இருந்தாலும் வரும். ஆனா ஒரு நிமிஷம் கேளுங்கன்னு ஹெர்மயனி கெஞ்சும்போது வாயை மூடுன்னு கத்துறாரு பாருங்க, அங்க நியாயம் போயிடுது.

இன்னொரு பக்கம், மாசா மாசம், ஓநாயா மாறினாலும் புத்தி தெளிவா இருக்க வைக்கிற மருந்தை லூப்பினுக்குக் காய்ச்சிக் கொடுத்தது யாரு? செய்யத் தெரிஞ்சவங்களே ரொம்ப கம்மியான ஒரு மருந்து, வெறுக்கிற ஆளுக்காக, ஒரு தடவைகூட கலப்படம் இல்லாம. அந்த ராத்திரி மேப்பை அவர் பாத்ததே மருந்துக் கோப்பையைக் கொடுக்க ரூமுக்குப் போனதாலதான். அப்புறம் கடைசியில காலைச் சாப்பாட்டு நேரத்துல ‘வாய் தவறி’ லூப்பின் ரகசியத்தை உளறி வேலைக்கு உலை வச்சதும் அவரேதான். ஸ்னேப்பை மொத்தமா நல்லவர்னோ கெட்டவர்னோ முடிக்கப் பாத்தா பேச்சு நகரவே நகராது.

சிரியஸ் நல்ல காட்ஃபாதரா?

பாசம் நிறைய, நிதானம் சுத்தமா இல்ல. பீட்டரைப் பிடிக்கணும்கிற வெறியில ரானோட, ஒரு பதினாலு வயசுப் பையனோட, காலை உடைச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போறாரு. ஸ்னேப் சாகப் பாத்த விஷயத்தை இத்தனை வருஷம் கழிச்சும் ‘அவனுக்கு வேணும்’னு சொல்றாரு. 12 வருஷம் டிமென்டர்களோட இருந்த மனுஷன், வெளியே வரும்போது உள்ள போன வயசுலயே நின்னுட்டாரு போல. ஆனா அந்தக் கடைசி லெட்டர் இருக்கே, ஹாக்ஸ்மீட் போக அனுமதி, கூடவே எலி போனது என்னாலதானேன்னு ரானுக்கு ஒரு குட்டி ஆந்தை. உடைஞ்ச காலை அவர் மறக்கலைன்னு நான் எடுத்துக்கிறேன்.

பீட்டரைப் பத்தி பேச என்ன இருக்கு, அவன் வெறும் துரோகிதானே?

கெஞ்சுற சீனை மெதுவா படிங்க. முதல்ல சிரியஸ், அடுத்து லூப்பின், அப்புறம் ரான், ஹெர்மயனி, கடைசியில ஹாரி. ஒவ்வொருத்தர்கிட்டயும் வேற வேற குரல். ரான்கிட்ட நான் நல்ல எலியா இருக்கலையான்னு கேக்குறான், ஹெர்மயனிகிட்ட அறிவாளிப் பொண்ணேன்னு குழையுறான், ஹாரிகிட்ட அப்பா ஜாடையைப் பத்திப் பேசுறான். யார்கிட்ட எது எடுபடும்னு அவனுக்கு அத்துப்படி, வாழ்க்கை பூரா பலசாலி பின்னாடி நின்னே பழகினவன் இல்லையா. ரான் பதில்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, உன்னை என் படுக்கையில தூங்க விட்டேனேன்னு அருவருப்பா கேக்குறான். துரோகம்னா என்னன்னு அந்த ரூம்ல இருந்த பெரியவங்க பேசின எல்லாத்தையும் விட அந்த ஒரு வரியில அதிகமா இருக்கு.

ஹாரி அவனை விட்டது தப்பா? அதனாலதானே பின்னாடி எல்லாம் நடந்துச்சு?

ஹாரி அவனை விடவே இல்ல, இதை நிறைய பேரு மறந்துடுறாங்க. கொல்ல வேணாம், அஸ்கபானுக்குப் போகட்டும்னுதான் சொன்னான், அதுவும் பீட்டர் மேல இரக்கப்பட்டு இல்ல, அப்பாவோட நண்பர்கள் இவனுக்காகக் கொலைகாரங்களாகக் கூடாதுன்னு. பீட்டர் தப்பிச்சதுக்குக் காரணம் நிலா வந்ததும் லூப்பின் உருமாறினது. அன்னிக்கு அவர் மருந்து குடிக்க மறந்துட்டாரு. மேப்புல செத்துப்போன நண்பன் பேரைப் பாத்துட்டு ஓடி வந்தவரு மறந்தது புரியுது, அதைப் போய் குத்தமா நான் சொல்ல மாட்டேன். ஆனா பழியை ஹாரி தலையில வைக்காதீங்க.

ரானோட அண்ணன்கள் ஃப்ரெட், ஜார்ஜ் அவ்ளோ நாள் மேப் வச்சிருந்தும் ரான் கட்டில்ல பீட்டர் பேரைப் பாக்கலையா?

கதையில இதுக்கு பதில் கிடையாது. ஃபில்ச் எங்க இருக்காரு, எந்தப் பாதை காலியா இருக்குன்னுதான் அவங்க பாத்திருப்பாங்க, தம்பி தூங்குறதை எதுக்குப் பாக்கணும். பாத்திருந்தாலும் அந்தப் பேரு அவங்களுக்குப் பெருசா உறைச்சிருக்காது.

டைம் டர்னரை அடுத்த புக்குகள்ல ஏன் பயன்படுத்தல?

அமைச்சகத்துல இருந்ததெல்லாம் அஞ்சாவது புக் சண்டையில உடைஞ்சு போச்சு. இதைப் பத்தி மணிக்கணக்கா சண்டை போடுறவங்க இருக்காங்க, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

படம் பாத்தா போதாதா?

2004-ல வந்த படம் அழகான படம். ஆனா மேப்பை வரைஞ்சது யாருங்கிறதையே அதுல சொல்ல மாட்டாங்க. அது இல்லைன்னா லூப்பின் ஹாரியைத் திட்டுற சீனோட பாதி அர்த்தம் போயிடும். கேரக்டர் பேசணும்னா புக்குதான்.

குழந்தைங்களோட சேந்து படிக்கும்போது லூப்பினைக் குறை சொன்னா அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?

இருக்கும், அவர் எல்லாருக்கும் ரொம்ப பிடிச்ச டீச்சர். நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. நெவில் வெளியே காத்துக்கிட்டு நிக்கிற பக்கத்தையும் லூப்பின் திட்டுற பக்கத்தையும் அடுத்தடுத்து வாசிச்சுட்டு, ‘நாய் விஷயம் லூப்பினுக்கு அப்போ தெரியும்ல?’ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவங்களே பேசிடுவாங்க, அதுவும் நம்மளை விடக் கறாரா.

இதை முடிச்சதும் அடுத்து எதைப் படிக்கலாம்?

நேரா அஞ்சாவது புக்கோட 28-ஆவது அத்தியாயத்துக்குப் போங்க. ஸ்னேப்போட நினைவுக்குள்ள ஹாரி நுழையுறான், ஜேம்ஸும் சிரியஸும் மரத்தடியில ஸ்னேப்பைத் தலைகீழா தொங்கவிட்டு அசிங்கப்படுத்துறாங்க, பக்கத்துலயே லூப்பின் புக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான், ஆனா கண்ணு வரி மேல நகரல, புருவத்துக்கு நடுவுல லேசா ஒரு சுருக்கம். அந்தப் பையன் ப்ரிஃபெக்ட், அதாவது மாணவர்களை ஒழுங்கா வச்சுக்க நியமிச்ச மாணவன், நண்பர்களை அடக்கி வைப்பான்னு நம்பித்தான் டம்பிள்டோர் கொடுத்திருப்பாருன்னு அவரே வேற ஒரு இடத்துல சொல்றாரு. அடுத்த அத்தியாயத்துல ஹாரி இதைப் பத்திக் கேக்கும்போது சிரியஸ் என்ன சமாதானம் சொல்றாரு, லூப்பின் என்ன சொல்றாருன்னு தனித்தனியா குறிச்சு வச்சுக்கோங்க. நான் தடுக்கலையேன்னு அவர் ஒத்துக்கிறதை, மூணாவது புக்குல டம்பிள்டோர்கிட்ட சொல்லாததுக்கு அவர் கொடுத்த காரணத்தோட வச்சுப் படிங்க.